'அப்பாடா' எந்த இடத்தில் வருகிறது?

20 லிட்டர் கேன் நிரம்பினால் தண்ணீர் மட்டும் 20 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு, போய்வர அரை மணி நேரம் நடக்கிற ஒருவருக்கு வீட்டுக்குள் ஒரு குழாய் வருவதுதான் சொகுசு. திறந்தால் கொட்டுகிற குழாயோடு பிறந்து வளர்ந்தவர் அதைச் சொகுசு என்று எண்ணவே மாட்டார். சாதாரண ஷவர் நிமிடத்துக்குச் சுமார் 9 லிட்டர் ஊற்றும். எட்டு நிமிடக் குளியலுக்கு 72 லிட்டர். அதையே சுமந்து கொண்டுவருவதென்றால் நான்கு நடை, இரண்டு மணி நேரம். உலகம் முழுக்கப் பெண்களும் சிறுமிகளும் தண்ணீர் எடுக்க ஒரு நாளில் செலவிடும் நேரம் 20 கோடி மணி என்று 2016-இல் யுனிசெஃப் கணக்குச் சொன்னது. குழாய் வந்த வீட்டில் முதலில் கண்ணில் படுவது அந்த நேரம்தான். விடிந்ததும் வாசலைத் தாண்டி ஓட வேண்டியதில்லை.

ஆடம்பரம், சொகுசு என்று இரண்டு சொற்கள் நம்மிடம் இருப்பது நல்லது. ஆடம்பரத்துக்குப் பார்க்க ஆள் வேண்டும். சொகுசைக் கதவைச் சாத்திக்கொண்டும் அனுபவிக்கலாம். பிறர் பார்ப்பதற்காகச் செய்யும் செலவைப் பற்றி தார்ஸ்டீன் வெப்லன் என்ற பொருளியலாளர் 1899-இல் ஒரு புத்தகமே எழுதினார். விலை ஏற ஏற ஆசையும் ஏறுகிற பண்டங்களுக்கு இன்றும் அவர் பெயர்தான். இந்த வகைப் பண்டங்களுக்கு ஒரு பலவீனம் உண்டு: எல்லோரிடமும் வந்துவிட்டால் மவுசு போய்விடும். 1884-இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சிக்கு 2.8 கிலோ எடையுள்ள அலுமினியப் பிரமிடைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அன்று அலுமினியம் வெள்ளிக்கு ஈடான உலோகம். இரண்டே ஆண்டில், 1886-இல், மின்சாரத்தால் அதைப் பிரித்தெடுக்கும் வழியை அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஏரூவும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். விலை சரிந்தது. இன்று அதே அலுமினியத்தைச் சுருட்டிக் குப்பையில் போடுகிறோம். அரச உடைக்குரிய ஊதாச் சாயத்துக்கும் இதே கதிதான். 1909-இல் ஒரு வேதியியலாளர் 12,000 கடல் நத்தைகளிலிருந்து எடுத்த சாயம் 1.4 கிராம்தான். ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1856-இல், 18 வயது பெர்கின் என்ற ஆங்கிலேய மாணவர் ஆய்வகத்தில் செயற்கை ஊதாவைத் தயாரித்திருந்தார். அப்புறம் ஊதா யார் வேண்டுமானாலும் உடுத்தும் நிறமாகிவிட்டது. சொகுசுக்கு இந்தத் தொல்லை இல்லை. பக்கத்து வீட்டிலும் குழாய் வந்தால் நம் வீட்டுக் குழாயின் சுகம் ஒரு சொட்டுகூடக் குறையாது.

ஆகவே கைக்காசையோ நேரத்தையோ செலவழிக்கும் முன், நமக்கு எந்த இடத்தில் குறை என்று தெரிந்துகொள்வது முக்கியம். உட்கார்ந்து யோசித்தால் பதில் சரியாக வராது. விளம்பரத்தில் பார்த்ததும் உறவினர் வீட்டில் பார்த்ததும்தான் முந்திக்கொண்டு வரும். இதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. நாள் முழுக்க நம் வாயிலிருந்து தாமாக விழும் சொற்கள் இரண்டு: 'அப்பாடா', 'சே'. ஒரு சின்ன நோட்டில் ஏழு நாளுக்கு, விடுமுறை நாளையும் சேர்த்து, அவை விழும் இடங்களைக் குறித்துவையுங்கள். எத்தனை மணி, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது, கூட யார். இவ்வளவே போதும். காரணம் எழுத வேண்டாம். காரணம் எழுத ஆரம்பித்தால் நம்மை நாமே நல்லவராகக் காட்டிக்கொள்ளத் தொடங்குவோம். இரவில் மொத்தமாக நினைவிலிருந்து எழுதுவதும் பயன்படாது, பாதி மறந்திருக்கும்.

'இரவு 10.40, சமையலறை, விளக்கை அணைத்தபோது, யாரும் இல்லை.' இப்படி ஒரு வரி நான்கு நாள் திரும்பத் திரும்ப வந்தால், அவருக்கு வேண்டியது புது அடுப்பும் அல்ல, புது அலமாரியும் அல்ல, தனிமை. 'மாலை 6.15, படிக்கட்டு, செருப்பைக் கழற்றும்போது' என்று வந்தால் கால் பேசுகிறது. ஒரே இடத்தில் மூன்று தடவைக்கு மேல் 'சே' விழுந்திருந்தால் அங்கே செய்யும் சிறு செலவு, வேறெங்கும் செய்யும் பெரிய செலவைவிட அதிக சுகம் தரும்.

இப்படி எழுதுகிறவர்களின் நோட்டில் அடிக்கடி வருவது தூக்கம். இரவுப் பணி பார்ப்பவர்களுக்குப் பகலில் ஒரு இருட்டறை கிடைப்பதைவிடப் பெரிய சொகுசு இல்லை. பிளாக்அவுட் திரை வாங்கி மாட்டியும் வெளிச்சம் வருகிறது என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். கோளாறு துணியில் இருக்காது, மாட்டிய விதத்தில் இருக்கும். ஜன்னல் சட்டத்தின் அளவுக்கே திரை தைத்தால் நாலு பக்கமும் ஒளி கசியும். திரைக் கம்பி, ஜன்னல் சட்டத்துக்கு மேலே 15 செ.மீ. உயரத்தில், இரு பக்கமும் 15 முதல் 20 செ.மீ. நீண்டு இருக்க வேண்டும். திரையின் ஓரம் வளைந்து சுவரைத் தொட வேண்டும். மேல் இடுக்கில் வரும் ஒளி கூரையில் பட்டு அறை முழுக்கப் பரவும் என்பதால் கம்பிக்கு மேலே ஒரு அட்டையோ பலகையோ வைத்து மூடுவது நல்லது. வேலை முடிந்ததும் நண்பகலில் சோதித்துப் பாருங்கள். திரையை மூடி, பத்து நிமிடம் கண்ணைப் பழகவிட்டு, கையை முழுக்க நீட்டுங்கள். விரல்களை எண்ண முடிந்தால் இன்னும் கசிகிறது. சார்ஜர், ஏசி, ரூட்டர் இவற்றின் பொட்டு விளக்குகளுக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு போதும்.

இருட்டைவிடச் சத்தம் கடினம். இங்கேதான் பணம் வீணாகிறது. முட்டை அட்டை மாதிரி இருக்கும் ஃபோம் பலகைகளைச் சுவரில் ஒட்டினால் வெளிச் சத்தம் நிற்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். அவை அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். தெருச் சத்தத்தை நிறுத்த இரண்டு விஷயம் வேண்டும்: கனம், இடுக்கில்லாத மூடல். தண்ணீர் நுழையும் வழியிலெல்லாம் சத்தமும் நுழையும் என்று நினைத்துக்கொண்டு இடுக்குகளைத் தேடுங்கள். கதவின் அடியில் ஒரு ரப்பர் பட்டை, சட்டத்தைச் சுற்றி ஃபோம் பட்டை, ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தில் சீலன்ட். இவற்றை முதலில் முடித்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும். படுக்கையறைக்குள் இரவில் 30 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் ஏறக்குறையப் பாதியானதுபோல் தோன்றும். ஆகவே சின்னச் சின்ன இடுக்கை அடைப்பதும் வீண்போகாது.

ஃபோம் இயர்பிளக் வேலை செய்யவில்லை என்பவர்களில் பெரும்பாலோர் அதைக் காதின் வாயிலில் செருகிவிட்டு நிறுத்திவிடுவார்கள். விரல்களுக்கிடையே மெல்லிய குச்சி போல உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். அப்போது உள்ளே விட்டு, ஃபோம் விரியும்வரை 20, 30 நொடி விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாகப் போயிருந்தால் நம் குரலே நமக்கு அடைத்ததுபோல் கேட்கும். காதில் வலியோ சீழோ இருந்தால் போடக் கூடாது. அலாரம் கேட்காதே என்ற பயத்தில் தூக்கம் கெடுபவர்கள் தலையணைக்கு அடியில் அதிரும் அலாரம் வைத்துக்கொள்ளலாம். போனில் ஓரிருவர் எண்ணுக்கு மட்டும் மணி அடிக்கும்படி அமைக்கலாம். வீட்டில் மற்றவர்களுக்கு 'சத்தம் போடாதீங்க' என்ற பலகையைவிட '2 மணி வரை' என்று நேரம் எழுதிய சீட்டு உதவும். எப்போது முடியும் என்று தெரிந்தால்தான் குழந்தைகளும் பொறுத்திருப்பார்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவரையோ மறதி நோய் உள்ளவரையோ பார்த்துக்கொள்கிறவர்கள் வேறொரு வகை. அவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் 'ஒன்றும் வேண்டாம்' என்பார்கள். அது உண்மை அல்ல. அவர்களுக்கு வேண்டியது இரண்டு மணி நேரம், பொறுப்பு வேறொருவர் தலையில் இருக்கும் இரண்டு மணி நேரம். வெறும் ஓய்வு வேறு, இது வேறு. பக்கத்து அறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தாலும் காது அந்தக் கட்டிலில்தான் இருக்கும். இருமல் கேட்டால் எழுந்துவிடுவார்கள். அதனால் அந்த இரண்டு மணி நேரம் வீட்டுக்கு வெளியே கழிய வேண்டும்.

வெளியே போவதற்குத் தடையாக இருப்பது ஆள் இல்லாதது மட்டும் அல்ல. மாற்றாக வந்தவருக்கு ஒன்றும் தெரியாது என்ற அச்சம்தான் பாதித் தடை. அதற்கு ஒரு பக்கத் தாள் எழுத வேண்டும், ஒரே ஒரு பக்கம். இரண்டாம் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. அந்த நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய மருந்து, அளவு, மணி. வேறு எதையும் கொடுக்கக் கூடாது என்பதையும் எழுதிவிட வேண்டும். அடுத்து, எது வழக்கம், எது ஆபத்து என்ற பிரிவு. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 'நடந்துவிட்டு வந்தால் கொஞ்சம் மூச்சு வாங்கும், உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகும். உட்கார்ந்திருக்கும்போதே வாங்கினால் அழைக்கவும்' என்ற அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். கழிப்பறை வேண்டும் என்பதை நோயாளி எந்தச் சொல்லால், எந்தச் சைகையால் சொல்வார் என்பதையும் எழுதுங்கள். சிலர் சட்டைப் பொத்தானைத் திருகுவார்கள், சிலர் காரணமில்லாமல் எழப் பார்ப்பார்கள். கோபம் வந்தால் எது தணிக்கும், எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. கடைசியில் மூன்று எண்கள்: உங்களுடையது, பக்கத்தில் இருக்கும் ஒருவருடையது, அவசர உதவி.

முதல் இரண்டு முறை நீங்களும் கூட இருந்து ஒரு மணி நேரம் பழக்குங்கள். தூக்கி உட்காரவைப்பதை வாயால் சொன்னால் புரியாது, கண்ணால் பார்க்க வேண்டும். மூன்றாம் முறை நீங்கள் கிளம்பலாம். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால்தான் நிலைக்கும். 'முடிந்தபோது வருகிறேன்' என்று சொல்கிறவர் வரமாட்டார். அவர் மேல் தப்பில்லை, நமக்கும் கூப்பிடத் தயக்கம், அவருக்கும் கேட்கத் தயக்கம்.

இந்த இரண்டு மணி நேரம் கெட்டுப்போகும் வழிகளும் தெரிந்தவைதான். ஆள் வருகிறாரே என்று அதற்கு முன் ஒரு மணி நேரம் வீட்டைப் பெருக்கித் துடைப்பது. கிடைத்த நேரத்தில் கட்டணம் கட்டவும் மருந்து வாங்கவும் ஓடுவது. அந்த வேலைகளும் நடந்தாக வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அவற்றை மாற்றாள் செய்யட்டும், அல்லது வேறு நேரத்துக்குப் போகட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்து விசாரிப்பதும் அப்படித்தான். தாளில் இருக்கும் ஆபத்துக் குறிகள் தவிர வேறெதற்கும் இரண்டு பக்கமும் அழைப்பதில்லை என்று முன்பே பேசிவிட வேண்டும். குற்ற உணர்வு வரும். முதல் சில வாரம் கட்டாயம் வரும், பிறகு குறையும். ஓய்வும் ஓய்வுநேரமும் ஒவ்வொருவரின் உரிமை என்று 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் 24-ஆம் பிரிவில் எழுதிவைத்திருக்கிறது. அதில் பராமரிப்பவருக்கு விலக்கு ஒன்றும் இல்லை.

நாள் முழுக்க நிற்கும் வேலைக்காரர்களுக்குக் காலணிதான் சொகுசு, அதுவும் இரண்டு ஜோடி. ஒரு நாள் போட்டதை மறுநாள் உலரவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் போகும், மெத்தைப் பகுதியும் திரும்ப எழும். அளவு பார்ப்பதை மாலையில் செய்யுங்கள், நின்று நின்று கால் அப்போதுதான் வீங்கியிருக்கும். பெரிய பாதம் எதுவோ அதற்கு ஏற்ற அளவு. நின்றபடி பார்த்தால் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். போடப் போட இளகும் என்று சொல்லப்படும் இறுக்கமான ஜோடியை வாங்கவே வாங்காதீர்கள். தோல் அகலவாக்கில் கொஞ்சம் இளகும், நீளவாக்கில் இளகாது.

நெரிசலான வீட்டில் வாழ்பவர்களுக்குத் தனி அறை எட்டாக்கனியாக இருக்கலாம். பூட்டுள்ள ஒரு இழுப்பறையும், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காரும்படி போட்ட ஒரு நாற்காலியும், தன் பக்கம் மட்டும் வெளிச்சம் விழும் ஒரு விளக்கும் இருந்தாலே பாதி அறை கிடைத்த மாதிரி. அங்கே உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிடுவதில்லை என்று வீட்டில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்பந்தம் இல்லாமல் நாற்காலிக்கு வேலை இல்லை.

பொருளைத் தொட்டு அனுபவிப்பதில் சுகம் காண்பவர்களும் உண்டு. அது தவறே இல்லை. நன்றாகச் செய்த ஒரு பொருளைத் தினமும் கையில் எடுப்பது உண்மையான இன்பம். ஆனால் விலைச்சீட்டு சொல்வதும் கைக்குத் தெரிவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பெட்ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர அங்குலத்தில் குறுக்கும் நெடுக்குமாக எத்தனை இழை என்பதுதான் த்ரெட் கவுண்ட். நல்ல ஒற்றை இழைப் பருத்திக்கு 200 முதல் 400 வரை இருந்தால் தாராளம். 800, 1000 என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் மெல்லிய இழைகளை முறுக்கிச் சேர்த்து, ஒரு நூலை இரண்டாகவோ நான்காகவோ எண்ணியிருப்பார்கள். அப்படிப்பட்ட துணி கனமாக இருக்கும், காற்று புகாது. எண்ணைவிடப் பஞ்சு இழையின் நீளத்தைப் பாருங்கள். நீள இழைப் பருத்தி என்றால் நுனிகள் குறைவு, அதனால் உருண்டை கட்டாது. பெர்கேல் நெசவு ஒன்று மேல் ஒன்று கீழாகப் போகும், மொடமொடப்பும் குளிர்ச்சியும் தரும். சாட்டீனில் நூல் நான்கைத் தாண்டி ஒன்றில் இறங்கும், வழவழப்பாக இருக்கும், சற்றுச் சூடு, நகம் பட்டால் இழுபடும். உடல் சூடு அதிகம் உள்ளவர் சாட்டீன் வாங்கிவிட்டு இரவெல்லாம் புரளுவார்.

கடையில் துணியின் ஒரு மூலையை இரு விரலுக்கிடையே பத்துப் பதினைந்து முறை தேய்த்துப் பார்க்கலாம். விரலில் மாவு போல ஒட்டினாலோ, தேய்த்த இடம் மட்டும் தளர்ந்தாலோ, அந்த மென்மை மேல்பூச்சுதான். இரண்டு துவைப்பில் போய்விடும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நெசவு சீராக இருக்கிறதா, அங்கங்கே அடர்ந்தும் விட்டும் இருக்கிறதா என்று தெரியும். பருத்தி முதல் துவைப்பில் சில சதவீதம் சுருங்கும். அதனால் எலாஸ்டிக் வைத்த விரிப்பின் பை மெத்தையின் உயரத்தைவிட 5 செ.மீ. ஆழமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நள்ளிரவில் மூலை எகிறும். துண்டும் இதே கதைதான். 400 முதல் 600 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) நல்லது. 700-ஐத் தாண்டினால் கைக்குப் பிரமாதமாக இருக்கும், ஈரக் காற்றுள்ள இடத்தில் காயாமல் நாற்றம் அடிக்கும். சாஃப்ட்னர் ஊற்றினால் இழையின் மேல் படலம் படியும், துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளும்.

தோல் பை வாங்குபவர் தையலைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இரண்டு ஊசியால் கையில் தைத்த தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது தாங்கும். 'பாண்டட்' என்று போட்டிருந்தால் அது தோல் துகள்களைப் பசையோடு அழுத்திய தாள், சில ஆண்டுகளில் உரிந்துவிடும். கைக்கடிகாரத்தில் எதற்குக் காசு போகிறது என்பதைத் தெரிந்து வாங்க வேண்டும். உயர்தரச் சான்றுபெற்ற மெக்கானிக்கல் கடிகாரமே ஒரு நாளில் 4 நொடி பின்தங்கலாம், 6 நொடி முந்தலாம். நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் கொண்ட சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் ஒரு மாதத்துக்கே 15 நொடி அளவில்தான் தவறும். மெக்கானிக்கல் வாங்குபவர் சரியான நேரத்துக்காக வாங்குவதில்லை, உள்ளே ஓடும் சின்னச் சக்கரங்களின் வேலைப்பாட்டுக்காக வாங்குகிறார். அதில் மனம் நிறைந்தால் நல்லதே, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து எண்ணெய் போடும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதுவும் பழகிவிடும் என்பதுதான் இதில் எல்லோரையும் சோர்வடையச் செய்வது. 1978-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். வென்றவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இல்லை, அன்றாடச் சின்னச் சுகங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே இன்பம் கண்டார்கள். இதற்குக் கைவசம் உள்ள மருந்து இடைவெளி. மசாஜை நடுவில் சற்று நிறுத்தித் தொடர்ந்தபோது, நிறுத்தாமல் பெற்றவர்களைவிட அதிகம் ரசித்தார்கள் என்று 2008-இல் ஒரு சோதனையில் கண்டார்கள். நல்ல விரிப்பைத் தினமும் போடாமல் வாரம் ஒருமுறை துவைத்து விரிக்கும் அன்று மட்டும் போட்டுப் பாருங்கள். அந்த இரவுக்காகக் காத்திருப்பீர்கள். தூக்கத்தையும் காலணியையும் மட்டும் இப்படி இடைவெளிவிட்டு அனுபவிக்கக் கூடாது. உடம்புக்குத் தேவையானது தினமும் வேண்டும்.

பிறருக்குச் சொகுசைப் பரிசாகக் கொடுப்பவர்கள் தங்கள் நோட்டைப் பார்த்து வாங்கிவிடுவார்கள், அங்கேதான் தவறு நடக்கிறது. நமக்குச் சத்தம் தொல்லை, அவருக்குக் கால் வலி. 'கடைசியாக எப்போது அப்பாடா என்று உட்கார்ந்தீர்கள்?' என்று கேளுங்கள். 'என்ன வேண்டும்' என்று கேட்டால் கிடைக்காத பதில் இதற்குக் கிடைக்கும். 'எங்கே உட்கார நேரம்' என்று சிரித்தால் அதுவே பதில். நேரத்தைக் கொடுப்பதாக இருந்தால் ஒரு தாளில் நாளும் மணியும் என்ன வேலை என்பதும் எழுதிக் கையில் கொடுங்கள்: 'வரும் புதன், மாலை 4 முதல் 6 வரை, அம்மாவுடன் நான் இருக்கிறேன், பாத்திரமும் நானே கழுவுகிறேன்.' புதன்கிழமை 3.55-க்கு வாசலில் நில்லுங்கள்.